ஒப்புநோக்கிய பின்னரே எழுத்து

நூலை உடைமையாகக் கருதுவோர் பலர். அதனை அமானிதமாகக் கருதுவோர் சிலரே. உடைமையாகக் கருதுபவர் அதனைப் பூட்டிவைத்து மகிழ்வார். அமானிதமாகக் கருதுபவரோ, தமக்குப் பின்னும் அது வாழ வேண்டுமே என்று கவலை கொள்வார். அக்கவலையிலிருந்து பிறந்த தொழிலே படியெடுத்தல். முற்காலத்தில் பக்தாதிலும் திமிஷ்கிலும் 'வர்ராக்' எனப்பெற்ற எழுத்தர்கள் நாணற்பேனாவும் மைக்கூடும் கொண்டு செய்த அத்தொழிலை, இன்று உலகின் பல பல்கலைக்கழக நூலகங்கள் ஸ்கேன் கருவியும் கணிப்பொறியும் கொண்டு செய்து வருகின்றன. மொழி, வரலாறு, சமயம் ஆகிய துறைகளில் ஆராய்வோர் வேண்டும் நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தருவதும், அப்படத்திலுள்ள எழுத்துகளைக் கணிப்பொறி தேடிப் படிக்கத்தக்க வடிவில் மாற்றித் தருவதும் அந்நூலகங்களின் பணியாகும். படித்த பெருமக்களின் இப்பணியில் நமக்கென்ன தொடர்பு என்று எண்ணிவிடாதீர்கள். நம் இல்லத்துப் பேழைகளில் உறங்கும் பழைய கிதாபுகள் வரை அதன் பாடம் நீள்கின்றது.

கொடுத்தது எஞ்சியது

1992 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள், பொஸ்னிய நாட்டின் தலைநகராகிய சரயேவோவில் இருந்த கீழ்த்திசைக் கல்வி நிறுவனம் பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காகி எரிந்தது. அரபு, பாரசீகம், துருக்கி ஆகிய மொழிகளில் அமைந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துத் தொகுதிகள் அங்கே சாம்பலாயின. பொஸ்னிய மொழியை அரபு எழுத்தில் எழுதிய சுவடிகளும் அவற்றுள் அடங்கும். தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதிப் பயின்ற முன்னோரின் வழிவந்த நமக்கு அவ்விழப்பின் கொடுமையை எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஆயினும், அந்நெருப்பு எட்ட இயலாத இடத்தில் சில எஞ்சியிருந்தன. அமைதி நிலவிய காலத்தில் அந்நகருக்கு வந்து சென்ற வெளிநாட்டு ஆய்வாளர்கள் தத்தம் ஆராய்ச்சிக்கென மைக்ரோஃபிலிம் சுருள்களாகவும் ஒளிநகல்களாகவும் சில சுவடிகளின் படிகளைப் பெற்றுச் சென்றிருந்தனர். போருக்கிடையே, 1994 ஆம் ஆண்டளவில், வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த அறிஞர் சிலர் உலகெங்கும் சிதறிக் கிடந்த அப்படிகளைத் தேடித் திரட்டும் முயற்சியைத் தொடங்கினர். எரிந்தவற்றோடு ஒப்பிடுங்கால் மீண்டவை மிகச் சிலவே. எனினும் அச்சிலவும் மீண்டதற்குக் காரணம் யாது? கேட்ட ஆய்வாளரிடம் 'இல்லை' என்னாது படியெடுத்துக் கொடுத்த நூலகரின் கை. பூட்டி வைத்தது அழிந்தது, கொடுத்தது எஞ்சியது.

பல்கலைக்கழகங்கள் எழுத்தரான கதை

கணிப்பொறியைக் கொண்டு நூல்களை ஆராயும் துறையின் தொடக்கத்தை அறிஞர்கள் 1949 ஆம் ஆண்டில் காண்கின்றனர். இத்தாலிய நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார் ராபர்ட்டோ பூசா என்பவர் அவ்வாண்டில் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவரைக் கண்டு உதவி வேண்டினார். இப்னு சீனா, இப்னு ருஷ்து போன்ற முஸ்லிம் மேதைகளின் கருத்துகளோடு வாதிட்டெழுதிய தாமஸ் அக்குவினாஸின் நூல்களிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அகரவரிசைப்படுத்த வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஏறத்தாழ ஒரு கோடிச் சொற்கள் துளையிட்ட அட்டைகளில் ஏற்றப்பெற்றன. அவ்வட்டைகளைத் துளையிட்டவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியின் கல்லராத்தே நகரத்து இளம் பெண்கள். 1974 முதல் 1980 வரை அச்சேறிய அவ்வகராதி 56 தொகுதிகளாக விரிந்தது.

தனியொருவரின் முயற்சியாகத் தொடங்கிய இது, பின்னர்ப் பல்கலைக்கழகங்களின் பொதுப்பணியாக வளர்ந்தது. 1972 ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம், பழங்கிரேக்க நூல்கள் அனைத்தையும் கணிப்பொறியில் ஏற்றும் பெரும்பணியை மேற்கொண்டது. 1976 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில், ஆய்வாளர்கள் தட்டெழுதிய மின்னெழுத்து நூல்களை வாங்கிப் பாதுகாத்துப் பிறருக்கும் வழங்கும் காப்பகம் ஒன்று தோன்றியது. கண்பார்வையற்றோர் அச்சு நூல்களைக் கேட்டறிவதற்கென ரேமண்ட் கர்ஸ்வைல் என்பவர் 1976 ஆம் ஆண்டில் எழுத்தறியும் பொறியொன்றை வெளியிட்டார். அதன் வழிவந்த கருவியைக் கொண்டு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் 1980களில் பிற பல்கலைக்கழக ஆய்வாளர்களின் நூல்களையும் கணிப்பொறி எழுத்தாக மாற்றித் தந்தது. பார்வையற்றோருக்காகப் பிறந்த கருவி, பார்வையுடைய அறிஞருக்கும் கண்ணானது.

1992 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழக நூலகத்தில் மின்னெழுத்து நூல் நிலையம் ஒன்று திறக்கப்பெற்றது. நூல்களைத் தருவதோடு அது நின்றுவிடவில்லை. பேராசிரியரும் மாணவரும் தாம் ஆராயும் நூலைக் கையோடு கொண்டு சென்று, அங்கிருந்த பணியாளரின் துணையுடன் தாமே ஸ்கேன் எடுக்கவும், பிழை நீக்கவும், அத்தியாயம், பாட்டு, அடி என்னும் பகுப்புகளைக் கணிப்பொறி உணரும் வண்ணம் குறியிடவும் கற்றுக்கொண்டனர். இக்காலத்துப் பல்கலைக்கழக நூலகங்களில் காணப்பெறும் ஸ்கேன் பிரிவுகளுக்கும் டிஜிட்டல் ஆய்வுக்கூடங்களுக்கும் அது ஒரு முன்மாதிரியாக விளங்கியது.

படம் வேறு, எழுத்து வேறு

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை ஸ்கேன் எடுத்தால் நமக்குக் கிடைப்பது படம். அதனைக் கண்ணால் படிக்கலாம். ஆனால் அதில் ஒரு சொல் எங்குள்ளது என்று கணிப்பொறியைத் தேடச் சொன்னால் அது விழிக்கும். அதன் பார்வையில் அது வெறும் கருப்புப் புள்ளிகளும் வெள்ளைப் புள்ளிகளுமே. அப்புள்ளிகளை எழுத்துகளாக இனங்காணுதல் அடுத்த படி. இங்கேதான் பிழை புகுகின்றது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுத்துகளைச் சரியாக இனங்காணும் பொறி என்று கூறினால், ஆகா எவ்வளவு சிறப்பு என்று நாம் வியப்போம். கணக்கிட்டுப் பாருங்கள். பக்கத்திற்கு 2,000 எழுத்துகள் எனின், ஒவ்வொரு பக்கத்திலும் 20 பிழைகள். முந்நூறு பக்க நூலில் ஆறாயிரம் பிழைகள்! இதனை உணர்ந்தே, மிச்சிகன், ஆக்ஸ்போர்டு ஆகிய பல்கலைக்கழகங்கள் கூடிப் பழைய ஆங்கில அச்சு நூல்களை மின்னெழுத்தாக்க முனைந்தபோது, பொறியை நம்பாது மனிதரைக் கொண்டே தட்டெழுதச் செய்தன. 20,000 எழுத்துகளுக்கு ஒரு பிழைக்கு மேல் இருத்தலாகாது என்பது அவை விதித்த அளவு. ஒவ்வொரு நூலிலும் ஒரு பகுதியை எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தனர்; அளவு மீறியவை திருப்பியனுப்பப்பெற்றன. அவ்வாறு உருவானவற்றுள் 25,000க்கும் மேற்பட்ட நூல்கள் 2015 ஆம் ஆண்டில் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பெற்றன.

அரபு எழுத்தின் நிலை இன்னும் நுண்மையானது. 'பா', 'தா', 'ஸா' ஆகிய எழுத்துகளுக்கு உருவம் ஒன்றே; புள்ளியின் இடமும் எண்ணிக்கையுமே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. பழைய தாளில் பூச்சி அரித்த சிறு துளையோ, படிந்த தூசியோ கூடப் பொறியின் கண்ணுக்குப் புள்ளியாகத் தோன்றிவிடும். புள்ளி மாறினால் சொல் மாறும். சொல் மாறினால் பொருள் மாறும். நம் ஹதீஸ் கலை வல்லுநர்கள் இதற்குத் 'தஸ்ஹீஃப்' என்று பெயரிட்டு, இவ்வகைப் பிழைகளைத் தொகுத்துத் தனி நூல்களே யாத்தனர்.

பொறியின் ஆற்றலும் வளர்ந்தே வருகின்றது. மேரிலாந்துப் பல்கலைக்கழகம், வியன்னாப் பல்கலைக்கழகம், லண்டனிலுள்ள ஆகா கான் பல்கலைக்கழகப் பிரிவு ஆகியவற்றின் அறிஞர்கள் கூடி, அரபு, பாரசீக நூல்களுக்கென எழுத்தறியும் பொறிமுறைகளைப் பண்படுத்தி வந்துள்ளனர். இதிலும் ஒரு செய்தி உண்டு. ஒரு குறிப்பிட்ட எழுத்து வகையைப் பொறி கற்க வேண்டுமாயின், முதலில் அறிஞர் ஒருவர் பல பக்கங்களைத் தம் கண்ணால் படித்து, பிழையறத் தட்டெழுதிக் கொடுத்தாக வேண்டும். ஓதத் தெரிந்த உஸ்தாது இல்லையேல் பொறியும் ஓதாது.

உர்வா (ரஹ்) அவர்களின் வினா

இவ்விடத்தில் ஹதீஸ் கலை நூல்கள் கூறும் ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வருகின்றது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மைந்தரும், மதீனத்து மார்க்கச் சட்ட மேதைகள் எழுவருள் ஒருவருமாகிய உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள், தம் புதல்வர் ஹிஷாமை நோக்கி, எழுதி முடித்தாயா என வினவினார்கள். முடித்துவிட்டதாக அவர் விடையிறுத்தார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என அடுத்து வினவினார்கள். இல்லை என்றார் மகனார். அவ்வாறாயின் நீ எழுதியவன் ஆகமாட்டாய் என்பதே தந்தையாரின் தீர்ப்பு.

இவ்வொப்புநோக்கலை 'முகாபலா' என்பர். ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் படியில் விரல் வைத்துக் கேட்பார். ஹிஜ்ரி 463 ஆம் ஆண்டில் மறைந்த கதீப் அல் பக்தாதி (ரஹ்) அவர்கள், ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் எழுத்தர் ஒரு வட்டமிட வேண்டும் என்றும், ஒப்புநோக்கிய பின்னரே அவ்வட்டத்தினுள் புள்ளி வைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். புள்ளியில்லாத வட்டம் கண்டால், இஃது இன்னும் சரிபார்க்கப்பெறவில்லை எனப் படிப்பவர் எச்சரிக்கை கொள்வார். இன்று பல்கலைக்கழகங்கள், இந்நூல் பொறியால் மட்டும் எழுத்தாக்கப்பெற்றது, இந்நூல் மனிதரால் திருத்தப்பெற்றது எனப் பிரித்துக் குறிக்கும் முறை அவ்வட்டத்திற்கும் புள்ளிக்கும் ஒப்பானதன்றோ!

திருமறையின் மின்னெழுத்து வடிவத்திலும் இவ்வெச்சரிக்கை தேவையாயிற்று. தொடக்க நாட்களில் இணையத்தில் உலவிய படிகளில் எழுத்துப் பிழைகளும் குறியீட்டுப் பிழைகளும் காணப்பெற்றமையால், 2007 ஆம் ஆண்டில் 'தன்ஸீல்' என்னும் திட்டத்தினர், மதீனா முஸ்ஹஃபோடு ஒப்பிட்டுத் திருத்திய மின்னெழுத்துப் படியொன்றை உருவாக்கினர். அதனை அடிப்படையாகக் கொண்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 77,430 சொற்களுக்கும் சொல் சொல்லாக இலக்கணக் குறிப்பு எழுதப்பெற்றது. பிழை கண்டவர் எந்நாட்டவராயினும் எழுதித் தெரிவிக்கலாம் என அதன் கதவும் திறந்து வைக்கப்பெற்றது.

பிரிந்த ஏடுகள் சேர்ந்த விதம்

படியெடுத்தலின் பயனை விளக்க ஒரு சான்று போதும். மோசூல் நகரத்துப் பக்கத்தில் பிறந்த அல்போன்ஸ் மிங்கானா என்னும் அறிஞர் 1920களில் திரட்டிய சுவடிகள் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றுள் திருக்குர்ஆனின் தோல் ஏடுகள் இரண்டு, அவற்றோடு தொடர்பில்லாத வேறொரு குர்ஆன் பிரதியின் ஏடுகளோடு தவறாகச் சேர்த்துக் கட்டப்பெற்றிருந்தன. ஆராய்ச்சி மாணவி ஒருவர் எழுத்தமைப்பை உற்று நோக்கி இவ்விரண்டும் வேறானவை எனக் கண்டார். ஆக்ஸ்போர்டில் செய்த கார்பன் சோதனை, அத்தோல் கி.பி. 568 முதல் 645 வரையிலான காலத்தைச் சார்ந்தது என 95.4 விழுக்காட்டு உறுதியோடு காட்டியது. 2015 ஆம் ஆண்டு ஜூலையில் இச்செய்தி உலகெங்கும் பரவியது. சோதனை காட்டுவது தோலின் காலத்தையே, எழுதிய நாளையன்று என்பதையும் அறிஞர்கள் உடன் சேர்த்துரைத்தனர்.

கஹ்ஃபு, மர்யம், தாஹா ஆகிய அத்தியாயங்களின் பகுதிகளைத் தாங்கிய அவ்விரு ஏடுகளின் உடன்பிறப்புகள் எங்கே உள்ளன? பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள பதினாறு ஏடுகள் இதே பிரதியைச் சார்ந்தவை என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இரு நூலகங்களும் தத்தம் ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்துள்ளமையால், கடலால் பிரிந்த பதினெட்டு ஏடுகளையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்து இன்று எவரும் காணலாம். காயல்பட்டினத்திலிருந்தும் காணலாம், கீழக்கரையிலிருந்தும் காணலாம்.

படித்தவர் திருத்தும் வாய்ப்பையும் இத்திறப்பு தருகின்றது. மிச்சிகன் பல்கலைக்கழக நூலகம் தன்னிடமுள்ள அரபு, பாரசீக, துருக்கிச் சுவடிகளுக்கு 2009 ஆம் ஆண்டு முதல் 2012 வரை புதிய விளக்கப்பட்டியல் தயாரித்தபோது, சுவடிகளின் படங்களை முதலில் இணையத்தில் வைத்து, இந்நூலின் ஆசிரியர் யார், எழுதியவர் யார், பெயர் யாது என அறிந்தோர் உரைக்குமாறு உலகத்து அறிஞர்களை வேண்டிக்கொண்டது. அக்காலத்துச் சுவடியின் ஓரத்தில் ஆலிம்கள் ஒருவர்பின் ஒருவராக எழுதிச் சென்ற குறிப்புகளின் இக்கால வடிவமே இது.

வக்ஃபு இன்றேல்

இவ்வளவு சிறப்பிருந்தும் ஒரு குறை உண்டு. ஸ்கேன் எடுத்துவிட்டால் நூல் என்றென்றும் நிலைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அஃது உண்மையன்று. வர்ஜீனியாவின் மின்னெழுத்து நூல் நிலையம் பின்னாளில் தனி நிலையமாக நீடிக்காது வேறோர் ஆய்வுக்கூடத்தோடு இணைந்துவிட்டது. பிரிட்டனில் கலை, மானிடவியல் துறைகளின் மின்னாவணங்களைக் காக்க 1996 ஆம் ஆண்டில் ஏற்பட்ட தேசியப் பணியமைப்புக்கு 2008 ஆம் ஆண்டோடு நிதி நிறுத்தப்பெற்றது. 2023 ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறிகள் சதிகாரரின் தாக்குதலுக்கு உள்ளாகவே, அதன் டிஜிட்டல் சுவடிகள் நெடுநாள் எவர் பார்வைக்கும் எட்டாது போயின. காகிதத்தைக் கரையான் அரிக்கும். மின்னெழுத்தைப் பராமரிப்பின்மை அரிக்கும்.

நம் முன்னோர் நூலகம் அமைத்தபோது அதனோடு கடை வருவாயையோ நில வருவாயையோ சேர்த்து வக்ஃபு செய்தனர். நூலை வாங்குவதைக் காட்டிலும் அதனைப் பேணுவதே பெருஞ்செலவு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மின்னெழுத்து நூலகத்திற்கும் அத்தகைய நிலையான வருவாய் வேண்டும். படிகளும் ஓரிடத்தில் மட்டுமின்றிப் பல இடங்களில் இருத்தல் வேண்டும்.

நம் இல்லத்துப் பேழை

தமிழகமும் இப்பணிக்குப் புதியதன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களை, அவருடைய மறைவுக்குப் பின்னர் அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியது. ஆனால் கப்பலேற்றிச் செல்லவில்லை. 1994 ஆம் ஆண்டில் சென்னையிலேயே நூலகம் ஏற்படுத்தி, மைக்ரோஃபிலிமும் பின்னர் டிஜிட்டல் படிகளும் எடுக்கச் செய்தது. மூலம் மண்ணில் நின்றது. படி உலகம் சுற்றியது.

அதற்கும் முன்னர் நம்மவர் காட்டிய வழி ஒன்றுண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களோடு ஓலைச்சுவடிகளில் மட்டுமே வழங்கிவந்தது. புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பரிசோதித்து 1842 ஆம் ஆண்டில் அச்சேற்றினார்கள். அவர்கள் அன்று செய்ததும் முகாபலாவே. அது நிகழ்ந்திராவிடில் இன்று நம் கையில் எந்தப் பாடம் எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம் இல்லங்களைப் பாருங்கள். பாட்டனார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபு, பாட்டியார் மனனம் செய்த மாலை, ஊர்ப் பள்ளிவாசலின் பழங்கணக்கு ஆகியன பரணிலோ பேழையிலோ இருக்கக்கூடும். ஓதுவாரின்றிச் சிதைந்தபின், மரியாதை கருதி அவற்றை மண்ணில் புதைப்பதோ நீரில் விடுவதோ வழக்கம். அம்மரியாதை போற்றத்தக்கதே. ஆனால் அவ்வாறு செய்யுமுன் அறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள், படியெடுங்கள். உலகில் அந்நூலின் ஒரே பிரதி அதுவாக இருத்தல் கூடும்.

படியெடுக்கப் பெருங்கருவி வேண்டுமென்பதில்லை. கைப்பேசியே தொடக்கத்திற்குப் போதும். சன்னலோரத்து இயற்கை வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் விளக்கின்றி எடுங்கள். நூலை வலிந்து விரிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கிழிந்த தாளில் பசைநாடா ஒட்டாதீர்கள். அட்டை தொடங்கிக் கடைசித் தாள் வரை ஒன்றும் விடாது வரிசையாக எடுங்கள். வெற்றுத்தாளில் பிறப்பும் இறப்பும் கடனும் குறித்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். வரலாற்று அறிஞருக்கு அதுவும் நூலே. முதற்பக்கத்தின் அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்தால் நூலின் அளவு விளங்கும். நூல் யாருடையது, எவ்வூரது, எவர் வழியாக வந்தது என்பவற்றைத் தனித்தாளில் எழுதிச் சேருங்கள். ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றை வேறூரில் உள்ள உறவினரிடமும் வையுங்கள். மூலத்தை எவருக்கும் கொடுத்துவிட வேண்டியதில்லை. படியைக் கேட்டவர்க்கு மறுக்கவும் வேண்டாம்.

பின்னர் ஒரு நாள், ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் தட்டெழுதத் தெரிந்த பிள்ளை ஒருவரையும் எதிரெதிரே அமர்த்துங்கள். பெரியவர் மூலத்தைப் படிக்கட்டும்; பிள்ளை தான் எழுதியதில் விரல் வைத்துக் கேட்கட்டும். அரபுத் தமிழுக்கென முன்னோர் அமைத்த தனியெழுத்துகளைச் சரளமாகப் படிக்க வல்ல பெரியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர். ஸ்கேன் கருவியை நாளையும் வாங்கிக்கொள்ளலாம்; அப்பெரியவர்களின் கண்ணும் நாவும் நாளை வரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வருகின்ற விடுமுறை நாளொன்றில் அவர்களைத் தேடிச் சென்று அமருங்கள்.